மலை ஏந்தும் சுனை

குறிஞ்சிக்குரிய நீர் யாது என்று வினவினால், அருவி நீரும் சுனை நீரும் என மாணவர் தயங்காது விடை பகர்வர். விடை சரியானதே, மதிப்பெண்ணும் கிட்டும். ஆயின், அவர்களுள் சுனையைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்?

சுங்கை ரம்பாய் வட்டாரம் கடலை அடுத்த சமவெளி. வயலும் செம்பனைத் தோட்டமுமே அங்குள்ள பிள்ளைகள் அறிந்த உலகம். எனினும் வானம் தெளிந்த காலையில், வடகிழக்கே நீலத்திரைபோல் நிற்கும் குனோங் லேடாங்கை அவர்கள் காணாதிருப்பதில்லை. மலாக்கா எல்லையை ஒட்டி, ஜொகூர் மண்ணில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அம்மலை. நாளும் காணும் குறிஞ்சி அது. ஏறிப் பார்த்தவரோ சிலரே.

இக்குறை போக்க எண்ணிய தமிழாசிரியர் ஒருவர், விடுமுறை நாளொன்றில் இடைநிலைப்பள்ளி மாணவர் பன்னிருவரைச் சாகில் அருவி வழியே அழைத்துச் சென்றார். மலாய்க்கார முதியவர் ஒருவர் வழிகாட்டியாக முன் நடந்தார். பாறைக்குப் பாறை தாவி வெண்ணுரையாய் விழுந்த அருவி, பிள்ளைகளின் பேச்சை அடக்கியது. மேலே செல்லச் செல்ல, அருவியின் ஓசை தேய்ந்து காட்டின் அமைதி சூழ்ந்தது.

"ஐயா, அருவியைக் கண்டோம், சுனை எங்கே?" என்றாள் ஒரு மாணவி. ஆசிரியர் அவ்வினாவை மலாய்மொழியில் முதியவரிடம் வைத்தார். அவர் புன்னகைத்து, பாறையில் படர்ந்திருந்த பாசியை உள்ளங்கையால் அழுத்தினார். விரலிடுக்குகளில் நீர் ஒழுகியது. "இம்மலையின் ஏரி இதுதான்" என்றார்.

அது வெறும் சொல்லன்று. லேடாங்கின் உச்சியில் ஏரி இல்லை. முகிலும் மழையும் தரும் நீரைப் பாசியும் வேரும் மக்கிய சருகும் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றன. அதனாலேயே மழை ஓய்ந்த பின்னும் அருவி ஓய்வதில்லை. 1854ஆம் ஆண்டில் இம்மலை ஏறிய ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ், நீர் வேட்கையுற்றபோது குடுவைச்செடிகளில் தேங்கிய நீரைப் பருகியதாக, 1869இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். மலாய்க்காரர் அச்செடியைக் 'குரங்கின் பானை' என்பர். மலை நீரை ஏந்த எத்தனை கலங்கள்!

மாலையில் இறங்கும்போது, காலையில் கடந்த ஓடை மீண்டும் குறுக்கிட்டது. தலைக்கு மேல் வானம் வெளுத்தே இருந்தது. "முழங்கால் அளவுதானே ஐயா, ஓடிக் கடந்துவிடலாம்" என்று முன்வந்தான் ஒருவன். முதியவர் கைநீட்டித் தடுத்தார். தெளிந்திருந்த நீர் கலங்கியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பொழுது சாயினும் சாயட்டுமென ஆசிரியர் அனைவரையும் மேட்டில் அமர்த்தினார். சற்று நேரத்தில் பேரிரைச்சலோடு செந்நீர் பாய்ந்து வந்து, அம்மாணவன் கால்வைக்க இருந்த கல்லை மூழ்கடித்தது. உச்சியில் பெய்த மழை அது. மலாய்க்காரர் இதனைக் 'கெப்பாலா ஆயர்', அதாவது நீரின் தலை என்பர். வெள்ளம் வடிந்த பின்னரே, கைவிளக்கொளியில் அனைவரும் கரை கடந்தனர்.

பாசியில் கசிந்த நீரும் ஓடையில் சீறிய நீரும் ஒன்றே. காடு ஏந்தும்வரை அது சுனை, ஏந்தமாட்டாதபோது வெள்ளம். காட்டை அழிப்போர் சுனையை இழந்து வெள்ளத்தைப் பெறுவர். மலையின் மலாக்காப் பக்கத்து அடிவாரத்தில் உள்ள அசஹான் நீர்த்தேக்கம் மக்களின் குடிநீருக்கு உதவுகிறது. 1991இல் டூரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றியபோது மலாக்கா மக்கள் குடத்தோடு தவித்ததை, முதியோர் இன்றும் மறந்திலர். குழாயில் வரும் நீருக்கும் ஒரு திணை உண்டென்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

நிலத்தை முதற்பொருள் என வகுத்தனர் நம் முன்னோர். நீரையும் மரத்தையும் கருப்பொருளில் வைத்தனர். அந்நிலம் கண்ணெதிரே நிமிர்ந்து நிற்க, அதன் கருப்பொருளை மனப்பாடமாக மட்டும் கற்பிப்பது முறையாகுமா? ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. பாசியின் ஈரத்தை விரலால் அறிந்த பிள்ளை, சுனை என்னும் சொல்லை இனி மறக்கமாட்டாள். அதனைக் காக்கவும் தவறமாட்டாள்.