மலையிறங்கும் முன்னே

"வண்டிதான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்குள் என்ன சர்வீஸ்?" கார் வைத்திருப்போர் இல்லங்களில் இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் தவணை சொல்லிக் கதவைத் தட்டும். பண்டிகைச் செலவும் தட்டும். பிரேக் ஆயில் தட்டுவதில்லை. ஆதலால் மாதக் கணக்குப் போடும்போது முதலில் தள்ளிவைக்கப்படுவது அதுவே. நின்ற வண்டியைப் பழுதுபார்ப்பது வேறு, ஓடும் வண்டியைப் பேணுவது வேறு என்பதைக் கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் நமக்குக் கல்வராயன் மலைப்பாதை கற்றுத் தருகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமவெளி. கரும்பு வெட்டும் காலத்தில் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் டிராக்டர்களின் பின்னே புழுதியில் ஊர்ந்து செல்கிறோம். அப்புழுதியெல்லாம் ஏர் ஃபில்டரில் படிகிறது. அதன்பின் மலை. வெள்ளிமலை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகையில் எஞ்சின் கொதிக்கிறது. கூலன்ட் குறைந்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். ஆயினும் ஏற்றத்தில் நேரும் பழுது பெரும்பாலும் நம்மை வழியில் நிறுத்திவிடும், அவ்வளவே. இறக்கத்தில் நேர்வது நிற்கவிடாது.

பிரேக் மிதியை நாம் அழுத்தும் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது பிரேக் ஆயில். காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சுவது அதன் இயல்பு. 'டாட் 3' வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரி மட்டுமே. நெடிய இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியவாறே வந்தால் ஆயில் கொதித்து, உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். மிதி ஆழச் சென்றும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதும், இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பிரேக் ஆயிலை மாற்றுக என்று பல கார்களின் கையேடுகள் சொல்வதும் இதனால்தான். சமவெளியில் ஓடும்வரை இக்குறை வெளியே தெரிவதே இல்லை.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் அடிக்கடி கிரீஸ் கேட்ட வண்டி. அதனால் அதை வைத்திருந்தவர் அதன் அடிப்பாகத்தையும் அறிந்திருந்தார். இன்றைய கார்களுள் பல, 10,000 கிலோமீட்டருக்கு அல்லது ஓராண்டுக்கு, எது முந்துகிறதோ அப்போது, எஞ்சின் ஆயிலை மாற்றினால் போதும் என்கின்றன. குறைவாகக் கேட்பதை, ஒன்றுமே கேட்கவில்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கிலோமீட்டரைப் பார்க்கிறோம், 'அல்லது ஓராண்டு' என்ற சொற்களைக் காணாமல் விடுகிறோம்.

புதுவண்டி வாங்கியதும் கோவிலுக்குக் கொண்டுசென்று பங்குத்தந்தையிடம் மந்திரித்துக்கொள்கிறோம். கண்ணாடியில் செபமாலை, முன்னே வேளாங்கண்ணி மாதாவின் படம். நல்ல வழக்கமே. ஆனால் கோவில் உச்சியிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அலகை சொன்னபோது, ஆண்டவர் குதிக்கவில்லை. தேய்ந்த பிரேக்குடன் மலையிறங்கிக்கொண்டே மாதாவை அழைப்பதை விசுவாசம் என்று சொல்லலாமா?

2007-ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயண மேய்ப்புப்பணி வழிகாட்டி, ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகளைத் தொகுத்தது. நாம் ஐந்தாவதாகப் படித்த கொலை செய்யாதே என்னும் கட்டளையை அது முதலாவதாக வைத்தது. அக்கட்டளை நமக்கன்று, கத்தி எடுப்போர்க்கு என்று எண்ணுகிறோம். மலைச் சாலையின் ஓரத்தில் தலைச்சுமையுடன் நடக்கும் பெண்களையும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்ப்போம். நம் வண்டியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நம் சர்வீஸ் புத்தகத்தில் எழுதப்பட்ட தேதியை அவர்கள் பார்த்ததுமில்லை. எனினும் அத்தேதியை நம்பியே அவர்கள் நடக்கிறார்கள்.

ஆகவே எங்கள் இல்லத்தில் ஆண்டுச் சர்வீஸைத் திருநீற்றுப் புதனையொட்டி வைத்துக்கொள்கிறோம். ஆன்மச் சோதனைக்குரிய காலம்; கோடைக்கு முந்திய காலமுங்கூட. கூலன்ட், பேட்டரி, பிரேக் யாவும் அப்போது பார்க்கப்படும். செபமாலை மாதமாகிய அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், டயர்களின் தேய்மானமும் வைப்பர்களும். டயர் ஆறியிருக்கும் காலை வேளையில் காற்றின் அளவு. திருவழிபாட்டு நாட்காட்டி சுவரில் தொங்குவதால் மறப்பதற்கு இடமில்லை.

உவமையில் வரும் கன்னியர் பதின்மரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெயின் குறை நள்ளிரவில்தான் தெரிந்தது. வளைவில் மிதித்த மிதிக்கு வண்டி அடங்கி நிற்கும்போது இறைவனுக்கு நன்றி சொல்வோம். அந்தப் பாதுகாப்பை அவர் பல வேளைகளில் ஒரு மெக்கானிக்கின் எண்ணெய் படிந்த கைகளின் வழியாகவே நமக்கு அருள்கிறார்.