தட்டுக்கழியைக் கீழே வைத்தவர்

நட்டுவனார்களைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் இரங்கற் குறிப்புகளாகவே இருக்கின்றன. ஆள் உயிரோடு இருந்தாலும் தொனி அதுதான். மரபின் கடைசிக் கண்ணி, அணையப் போகும் விளக்கு என்று சில சொற்கள் தயாராக இருக்கின்றன. பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதும். நான் சொல்ல வந்தவர் இந்தச் சொற்களுக்குள் அடங்காதவர். 1994ல், தமது 64ஆம் வயதில், மயிலாப்பூரில் 30 வருஷத்துக்கு மேல் நடத்திவந்த வகுப்பை நிறுத்திவிட்டு, மகளோடு இருக்க டொராண்டோ போனார். 2011ல் அங்கேயே காலமானார். இடைப்பட்ட 17 வருஷத்தில் ஒருவருக்கும் ஓரடவுகூடச் சொல்லித்தரவில்லை.

என் தங்கை அவரிடம் 1974லிருந்து எட்டு வருஷம் படித்தாள். சாயங்காலம் அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது என் பொறுப்பு. எனக்கு ஆட்டம் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டதுதான். தட்டடவை மூன்று காலத்தில் ஆடவேண்டும். முதல் காலத்தில் ஒரு தட்டு விழும் இடத்தில் இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளத்தின் நடை மட்டும் மாறாது. மூன்றாம் காலம் வருகிறது என்ற பயத்திலேயே பெண்கள் முன்கூட்டி ஓடத் தொடங்குவார்கள். கழி நின்றுவிடும். "ஓடாதேம்மா. அது தானா வரும். நீ போய்க் கூப்பிடாதே" என்பார்.

யாப்பை விட்டவர்கள் லயத்தையும் விட்டுவிட்டார்களா என்று நாங்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தச் சண்டையில் இரு தரப்பும் சொல்லாத ஒன்றைத் தட்டுமனையில் விழுந்த கழி எனக்குச் சொல்லிற்று. வேகம் கூடுவதும் அவசரப்படுவதும் ஒன்றல்ல. ஒரு வரியை எங்கே முறிப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்தச் சத்தம்தான் அளவு. நான் கவிதை எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

அரங்கேற்றத்தன்று தட்டில் வேட்டியும் பணமும் வைத்துக் குடும்பமே அவர் காலில் விழும். அப்படி விழுந்த ஒரு வீட்டில், வேறொரு நாள், அவருக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்த டம்ளரில் காப்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். குடித்தார். தாமே கழுவிக் கவிழ்த்துவைத்தார். பிறகு பாடத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

இசை வேளாளர் குடும்பம். அத்தை ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில் ஒன்றில் பொட்டுக் கட்டிக்கொண்டவர். 1947ல் சட்டம் அந்த வழக்கத்தை ஒழித்தது. அது நியாயம் என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் வீட்டுப் பெண்கள் சதங்கையைக் கழற்றிய பின், அதே ஆட்டத்தைப் பிறர் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தருவதுதான் ஆண்களுக்குப் பிழைப்பு என்றாயிற்று. சதிர்க் கச்சேரியில் நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரர்களும் ஆடுகிறவளின் பின்னாலேயே நின்று, அவளோடு நகர்ந்து வருவார்கள். ருக்மிணி தேவி செய்த மாற்றங்களுக்குப் பின் அவர்கள் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பார்வைக்கு அது அழகான ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாத்தியார் தம் மகளுக்கு நாட்டியம் சொல்லித்தரவில்லை. கணக்குப் படிக்கவைத்தார்.

அவர் போனபோது வேரைப் பிடுங்கிக்கொண்டு போகிறார் என்று பேசினார்கள். நட்டுவனார்கள் எந்தக் காலத்தில் ஒரே இடத்தில் இருந்தார்கள்? தஞ்சை நால்வரில் சின்னையா மைசூர் அரண்மனைக்குப் போனார். வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளிடம் போனார். கந்தப்ப பிள்ளை அல்மோராவுக்குப் போய் உதயசங்கரின் கலை மையத்தில் கற்பித்தார். பாலசரஸ்வதி 1962லிருந்தே அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தந்தவர். ஆனால் இவர்கள் எல்லோரும் கலையை எடுத்துக்கொண்டு போனவர்கள். வாத்தியார் அதை இங்கேயே வைத்துவிட்டுப் போனார். நண்பர்களுக்குப் பொறுக்காதது அதுதான். டொராண்டோவில் இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள், அரங்கேற்றங்களுக்குக் குறைவில்லை. கேட்டுவந்தவர்களை அவர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

எனக்கு வந்த முதல் கடிதம் முழுக்க ட்ராம் பற்றியது. சிறுவனாகச் சென்னைக்கு வந்தபோது அவருக்குப் பிரமிப்பாக இருந்தது ட்ராம்தான். இங்கே 1953ல் அது நின்றுபோயிற்று. டொராண்டோவில் ஓடுகிறது. தினமும் காலையில் ஏறி நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய்வந்தார். இன்னொரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "பக்கத்தில் உட்காருகிறவனுக்கு நான் யார் என்று தெரியாது தம்பி. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவும் தெரியாது. கிழவன் என்று மட்டும் தெரிகிறது. எழுந்து இடம் கொடுக்கிறான்." தமிழர்கள் கூடும் இடங்களுக்கு அவர் அதிகம் போவதில்லை. அந்தக் கேள்வி அங்கே விமானம் ஏறி வந்திருந்தது.

2003ல் தங்கை அவரைப் போய்ப் பார்த்தாள். தட்டுக்கழி எங்கே என்று கேட்டிருக்கிறாள். மேலே தூக்கித் திறக்கிற ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். கோடைக்காற்று வந்துகொண்டிருந்ததாம். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வரவில்லை. நல்ல கட்டை, அளவும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

நஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. பாட்டனார் வழியில் வந்த சில ஜதித் தீர்மானங்கள் அவரிடம் மட்டுமே இருந்தன. யாரும் எழுதிவைக்கவில்லை, ஒலிநாடாவிலும் இல்லை. அவை போய்விட்டன. அந்த நஷ்டத்தை அவர் கணக்கில் எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவனை மரபு என்று அழைத்துவிட்டால், அவன் களைத்துப்போவதற்கும், காலையில் எழுந்து ட்ராம் ஏறிப் போவதற்கும் நம்மிடம் அனுமதி கேட்கவேண்டும் என்று நினைக்கிறோம். காலில் விழுந்தவர்களும், தனி டம்ளர் எடுத்துவைத்தவர்களும், மரபு போயிற்றே என்று இன்று வருந்துகிறவர்களும் பல சமயங்களில் ஒரே ஆட்கள்தாம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தம் பெயரைப் போட்டு எதுவும் எழுதவேண்டாம் என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.