அரசன் பெயர் இல்லாத காசு

பைசாந்தியக் காசுகளைச் சேர்க்கத் தொடங்கியபோது பேரரசர்கள் மீதுதான் எனக்கு மோகம். இன்று என்னிடம் அதிகம் இருப்பவை எந்தப் பேரரசன் பெயரும் இல்லாத செம்புக் காசுகள். விற்பவர்கள் இவற்றை வெண்கலம் என்பார்கள். பெரும்பாலும் செம்புதான்.

இந்த ஃபோலிஸ் காசு 498இல் அனஸ்தாசியுஸ் மன்னனின் நாணயச் சீர்திருத்தத்தில் பிறந்தது. முன்புறம் அரசன் முகம், பின்புறம் 40 என்ற மதிப்பைக் குறிக்கும் பெரிய கிரேக்க எழுத்து. மதத்துக்கு அதில் ஒரு சிலுவை அளவே இடம். 969இல் நிகிஃபோரஸ் ஃபோகாஸைக் கொன்று அரியணை ஏறிய யோவான் ட்ஸிமிஸ்கஸ் காலத்தில் காட்சி மாறியது. அரசன் முகமும் பெயரும் போய், அந்த இடத்தில் கிறிஸ்து வந்தார். பாவப் பரிகாரம் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. தங்கக் காசில் தன் பெயரை அவன் விட்டுக்கொடுக்கவில்லையே! பெயர் மறைந்தது கடைத்தெருவில் புழங்கிய செம்பில் மட்டும்.

அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. தலைக்குப் பின்னால் சிலுவை பொதிந்த ஒளிவட்டம், கையில் சுவிசேஷப் புத்தகம், சுற்றிலும் 'இம்மானுவேல்', மறுபுறம் நான்கு வரி எழுத்து என்றால் அது முதல் வகை. மறுபுறம் படிகள் மேல் சிலுவை நின்றால் அடுத்த வகை. கைகளை உயர்த்திப் பிரார்த்திக்கும் மரியாள் இருந்தால் இன்னும் பிந்தியது. 1092இல் அலெக்ஸியோஸின் சீர்திருத்தத்தோடு இந்த வரிசை முடிகிறது. பழைய காசின் மேலேயே புதியதை அச்சடிக்கும் சிக்கனம் அவர்களுக்கு இருந்தது. காசைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பழைய முகத்தின் மூக்கோ தாடியோ தெரியும். எது முந்தியது, எது பிந்தியது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த நான்கு வரிகளில்தான் மொழிபெயர்ப்பாளன் மாட்டிக்கொள்வான். கிரேக்கச் சொற்கள், நடுநடுவே லத்தீன் எழுத்துகள், கடைசிச் சொல் பாதியில் அறுந்து நிற்கும். "இயேசு கிறிஸ்து, அரசர்க்கரசர்" என்று நாமே முடித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கு எழுத்து வாரியாக வகை பிரித்து 1954இல் நூல் வெளியிட்டவர் மார்கரெட் தாம்சன். அவர் ஆராய்ந்தது ஏதென்ஸ் அகோராவின் அகழாய்வில் கிடைத்த காசுகளை. எங்கே கிடைத்தது என்ற பதிவு அவற்றுக்கு இருந்தது. இன்று சந்தைக்கு மண் ஒட்டியபடி மூட்டையாக வரும் காசுகளுக்கு அது இல்லை. உலோகம் கண்டறியும் கருவியோடு இரவில் தோண்டியவன் எந்த ஊர் என்று சொல்லமாட்டான். இந்த மூட்டைகளை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று காகிதம் காட்டினால் மட்டுமே பேச்சு. அதனால் வருடத்துக்கு ஒரு காசு வாங்கினாலே அதிகம்.

கேரளத்து சிரியன் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் தன் மகளின் கல்யாணத்துக்குப் பதக்கமாகக் கோர்க்க ஒன்று கேட்டார். துளை போட மனம் வரவில்லை. ஆனால், காசைத் துளைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. அப்படி ஒன்று என்னிடம் இருந்தது; துளையின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. அதையே கொடுத்தேன். எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்க்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.