பாகுப் பதம்

திருப்பதி ஐ.ஐ.டி.யும் ஐசரும் அமைந்துள்ள ஏர்பேட்டில், வாடகை வீடொன்றில் தங்கியிருக்கும் ஆய்வு மாணவி ஒருத்திக்கு ஊரிலிருந்து ஒரு கிலோ வேர்க்கடலை வந்தது. மழை பொய்த்த ஆண்டில் தந்தையின் மானாவாரி நிலம் விளைவித்ததில், விதைக்கு ஒதுக்கியது போக எஞ்சியது அவ்வளவே.

அதில் பாதியை வறுத்துத் தோல் நீக்கினாள். 250 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, 145 டிகிரி செல்சியசை எதிர்பார்த்து வெப்பமானியையே நோக்கி நின்றாள். அந்த அளவு வெண்சர்க்கரைக்கு உரியது. வெல்லத்தில் குளுக்கோசும் பிரக்டோசும் கலந்திருப்பதால் அது விரைவில் கருகும். எண் வருமுன் பாகு கருகிற்று, கடலை கசந்தது.

மறுபாதிக்குத் தாயைத் தொலைபேசியில் அழைத்தாள். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு, இறுகியதும் எடுத்துத் தட்டில் போடச் சொன்னார் அவர். கல்போல் ஒலித்தால் பதம். நீர் பெரிதும் நீங்கிய பாகே ஆறியதும் கண்ணாடிபோல் இறுகும். ஆகவே அவ்வொலியும் ஓர் அளவீடே.

ஒலித்தது. அடுப்பை அணைத்து, சுக்கு, ஏலம், மிளகாய்த்தூள், சிட்டிகை உப்பு, கடலை யாவும் சேர்த்துக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் உதிர்த்தாள்.

இரவில் தந்தை கடலையைப் பற்றி விசாரித்தார். இனித்தது என்றாள். கசந்த பாதியைப் பற்றி அவள் சொல்லவில்லை.