மோதிரம் யார் கையில்?

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறார்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்துக்கு வந்து, ஏரியில் படகு விட்டு, பகோடா பாயிண்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இரண்டாம் நாளே இறங்கிப் போய்விடுகிறார்கள். அவர்கள் பாராத ஏற்காடு ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டு, மாலை நாலு மணிக்கே விளக்கேற்றச் சொல்லும் ஏற்காடு அது. சேர்வராயன் மலையில் உபாத்தியாயர் உத்தியோகம் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மாதங்களில் இரண்டு துணைகள்தாம் உண்டு. ஒன்று காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த புண்ணியத்தால் அதற்குப் பஞ்சமில்லை. மற்றொன்று, பழைய தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்த புத்தகக் கட்டுகள்.

அப்படிப் படித்த காலங்களில் நம் மனத்தில் தோன்றிய ஒரு விஷயத்தை நேயர்களிடம் சொல்லவேண்டும் என்பது நமது வெகுநாளைய ஆசை.

ஒரு கதாபாத்திரத்தின் குணத்தை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? 'அவன் தைரியசாலி', 'அவள் வஞ்சகி' என்று ஆசிரியரே எழுதிவிடலாம். நாமும் 'அப்படியா?' என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். நல்ல ஆசிரியர்கள் அவ்வாறு செய்வதில்லை. ஏதாவது ஒரு பொருளை நடுவிலே வைக்கிறார்கள். பாத்திரங்கள் வந்து அதைத் தொடுகின்றன. தொட்ட மாத்திரத்தில் குணம் வெளிப்பட்டுவிடுகிறது. இதைத்தான் இக்காலத்து விமரிசகர்கள் குறியீடு என்கிறார்கள். நாம் பழைய வழக்கப்படி சின்னம் என்றே சொல்லிவிடுவோம்.

'பொன்னியின் செல்வன்' கதையை அறியாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். 1950 முதல் 1954 வரையில் 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் வந்த கதை அது. அதிலே பனை மரச் சின்னம் பொறித்த பழுவூர் முத்திரை மோதிரம் ஒன்று வருகிறது. மோதிரம் என்னவோ ஒன்றுதான். ஆனால் கை மாற மாற அது வேறு வேறு கதை சொல்லுகிறது. பெரிய பழுவேட்டரையருக்கு அது குலப்பெருமை. அறுபத்துநான்கு போர்க்காயம் பெற்ற அந்தக் கிழச்சிங்கத்தின் அதிகாரம், இளைய ராணியின் கையில் விளையாட்டுப் பொருள்போல் கிடக்கிறது என்றால், அவருடைய பலவீனத்தைப் பற்றி ஆசிரியர் தனியாக ஓர் அத்தியாயம் எழுதவேண்டுமா? நந்தினிக்கு அது தூண்டில். முன்பின் அறியாத வாலிபன் ஒருவனிடம் அதைக் கொடுத்துவிடுகிறாள். இவனும் நமக்கு ஒருநாள் உதவுவான் என்ற கணக்கு அவளுக்கு. வந்தியத்தேவனுக்கோ அது திறவுகோல். தன்னை வந்து பார்ப்பதற்கென்று அவள் கொடுத்த மோதிரத்தைக் காட்டிக்கொண்டு, அவன் சுந்தர சோழச் சக்கரவர்த்தியின் சந்நிதி வரையில் போய்விடுகிறான்! கிழவரின் மோகம், ராணியின் சூழ்ச்சி, வாலிபனின் துடுக்கு ஆகிய மூன்றையும் காட்டுவதற்கு ஒரு சிறு மோதிரம் போதுமாயிருந்தது.

அதே நந்தினியிடம் மீன் சின்னம் பொறித்த வாள் ஒன்றும் இருக்கிறது. மீன் பாண்டியருடைய கொடி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீரனுடைய கையில் வாள் இருந்தால் அதில் வியப்பு ஒன்றுமில்லை. அது அவன் தொழிலுக்குரிய கருவி. இவளோ அதை ஒளித்து வைத்துப் போற்றுகிறாள். தனிமையில் எடுத்துப் பார்த்து அதனோடு உறவாடுகிறாள். சோழர் தலைநகரில், சோழரின் தனாதிகாரி மாளிகையில், பாண்டிய வாளோடு வாழும் பெண்ணின் நெஞ்சில் என்ன இருக்கும் என்று வாசகர்கள் தாங்களே ஊகித்து நடுங்குகிறார்கள். அவள் மேல் கோபம் வருவதற்குப் பதில் இரக்கமும் சேர்ந்து வருகிறதே, அதற்கும் அந்த வாள்தான் காரணம். யாருக்காகவோ இவள் இவ்வளவு காலம் அழுதிருக்கிறாள் என்று அது சொல்லிவிடுகிறது.

கையில் இருக்கும் பொருள்தான் சின்னமாக வேண்டும் என்பதுமில்லை. கிடைக்காத பொருளும் ஆகலாம். 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனச் சிற்பிக்கு அஜந்தாவின் அழியா வர்ணத்தின் இரகசியத்தை அறியவேண்டும் என்று தீராத ஆசை. படையெடுப்பு நெருங்குகிறது, பெற்ற மகளைச் சுற்றிலும் அபாயம் சூழ்கிறது, அவருடைய சிந்தையோ அஜந்தாவை விட்டு வருவதில்லை. எத்தகைய உத்தமமான மனிதர்! ஆனால், கலையின் மேல் வைத்த ஆசை மனிதனுடைய கண்ணை எப்படிக் கட்டிவிடும் என்பதை அந்த வர்ணத்தைக் கொண்டே நாம் அறிகிறோம்.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு முறையையும் சொல்லவேண்டும். கதர் வேஷ்டி கட்டினால் தியாகி. பட்டுச் சட்டையும் சிகரெட்டும் இருந்தால் அயோக்கியன். தலையில் முல்லைப்பூ இருந்தால் குணவதி. உதட்டுச் சாயம் இருந்தால் குடும்பத்தைக் கெடுக்க வந்தவள். இப்படி எத்தனை கதைகள் வந்துவிட்டன! இவையும் சின்னங்கள் என்றுதான் சொல்லப்படுகின்றன. நமக்கு இவை மளிகைக் கடை டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டாகத் தோன்றுகின்றன. சீட்டில் 'துவரம் பருப்பு' என்று எழுதியிருக்கும். திறந்து பார்த்தால் வேறு என்னவோ இருக்கும். கதர் கட்டியவர்களில் உத்தமர்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள் என்பதை நமது தேசம் நன்றாக அறியும். எதை உடுத்தினான் என்பதோடு கதை நின்றுவிட்டால், மனிதனைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்துவிடாது. கஷ்டம் வந்த காலத்திலும் அதை உடுத்தினானா, யாருக்கும் தெரியாத இடத்திலும் உடுத்தினானா என்பதைச் சொன்னால் அப்போது தெரியும்.

இந்த வித்தியாசத்தை நம் முன்னோர்கள் மேனாட்டாரிடம் கடன் வாங்கவில்லை. தொல்காப்பியத்தில் உள்ளுறை உவமம் என்று ஒன்று சொல்லப்படுகிறது. ஒரு நிலத்துக்குரிய மரம், பூ, பறவை, விலங்கு முதலிய கருப்பொருள்களைச் சொல்லி, அவற்றுக்குள்ளே மனிதருடைய உள்ளத்தை மறைத்து வைப்பது அது. தெய்வத்தை மட்டும் அதில் இழுக்கக் கூடாது. யார் அதை எப்படிச் சொல்லலாம் என்றும் தொல்காப்பியர் வரையறுக்கிறார். தலைவி பேசினால் அது அவள் அறிந்த பொருளாக இருக்கவேண்டும். தோழி பேசினால் தன் நிலத்தை விட்டு அப்பால் போகக் கூடாது. தலைவன் பேசினால் அவனுடைய அறிவின் வலிமை அதிலே தோன்றவேண்டும். பேசுகிறவரின் இயல்புக்கும் அவர் எடுத்துக் காட்டும் பொருளுக்கும் உள்ள பந்தத்தை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? உவமை இன்னாருடையது என்று தெரிந்தால்தான் அதற்குப் பொருள் தெரியும் என்பது இதன் கருத்து.

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்பது பழைய வழக்கு. அந்தப் பெயரைக் கொடுத்த செடி நீலகிரியிலும் பழனி மலையிலும் இருப்பதுபோல் நமது சேர்வராயன் மலையிலும் உண்டு என்று தாவர நூலார் குறித்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்து, விதை சிந்தி, அத்துடன் மடிந்துபோவது அதன் இயல்பு. மூணாற்றுப் பக்கத்தில் 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் மலைச்சரிவுகள் நீலமாகியதைக் காண ஜனங்கள் திரள் திரளாகப் போனார்கள்.

இந்தப் பூவின் பெயரையே நா. பார்த்தசாரதி தம் நாவலுக்கு வைத்தார். 1960-ஐ ஒட்டி வெளிவந்த 'குறிஞ்சி மலர்' அக்காலத்து வாலிபர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. பிறந்த குழந்தைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயர் வைத்தவர்கள் பலர். தமிழறிஞரான தந்தை இறந்துபோக, தம்பிமாரையும் தங்கையையும் வைத்துக்கொண்டு மதுரையில் வறுமையோடு போராடுகிறாள் பூரணி. அவளைப் போன்றவர்கள் உலகில் குறிஞ்சி பூப்பதுபோல் அருமையாகவே தோன்றுகிறார்கள் என்பது தலைப்பின் கருத்து. எல்லாரும் அறிந்த பொருள் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் இந்த நாவலைப் படிக்கக் கொடுத்தோம். ஒரு மாணவி அதைப் பற்றி எழுதிய கட்டுரையை ஒரு போட்டிக்கும் அனுப்பி வைத்தோம். அவளுடைய தாயார் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் கூலி வேலை செய்கிறவர். மாணவி எழுதியிருந்ததன் சாராம்சம் இது: 'குறிஞ்சி பூக்கும் வருஷத்தில் எல்லாரும் பார்க்க வருகிறார்கள். மற்றப் பதினோரு வருஷமும் அது வெறும் புதர். ஆடு மாடு மிதித்துக்கொண்டு போகும். யாரும் அதற்குப் பெயர்கூடச் சொல்வதில்லை. பூரணியின் குணம் அந்தப் பதினோரு வருஷத்தில் இருக்கிறது. பூத்து மடிந்துபோகிறவன் அரவிந்தன். பூரணி மறுபடியும் புதராக நிற்கவேண்டியவள்.'

கதை முடியுமுன் அரவிந்தன் மறைந்துவிடுவதையும், பூரணி அவன் நினைவோடு தனித்து நிற்பதையும் அறிந்தவர்களுக்கு, இந்த வரிகள் எவ்வளவு ஆழமானவை என்று நாம் சொல்லவேண்டியதில்லை. பட்டணத்துக் கல்லூரியில் பட்டம் பெற்ற நமக்கு இது தோன்றவில்லை. புதரைப் புதராகவே பார்த்து வளர்ந்த பெண்ணுக்குத் தோன்றியது. தொல்காப்பியர் சொன்ன 'அவள் அறிந்த பொருள்' இதுதான் அல்லவா?

கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையினால், 'பொருத்தமற்ற கருத்து. குறிஞ்சி என்பது அருமையைக் குறிக்கும்' என்று எழுதியிருந்தது.

"நான் எழுதினது தப்பா, சார்?" என்று கேட்டாள்.

"தப்பில்லை, அம்மா. நீ எழுதினதுதான் கதையைப் படித்தவர் எழுதுவது" என்றோம்.

அவள் தலையை ஆட்டினாள். ஆனால், அடுத்த பரீட்சையில் வேறொரு கதையைப் பற்றிக் கேள்வி வந்தபோது, கைடு புத்தகத்தில் இருந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்திருந்தாள். பூரா மார்க்கும் கிடைத்தது. கூப்பிட்டு, "இதில் உன் சொந்தக் கருத்து எங்கே, அம்மா?" என்று விசாரித்தோம். "மார்க் வேணும் சார். அம்மாவால ரொம்ப நாளைக்கு மலை ஏறி இறங்க முடியாது" என்றாள். அதற்குமேல் அவளிடம் என்ன சொல்வது?

அந்தப் பெண்ணை நாம் குறை கூறமாட்டோம். ஆனால், போனது ஐந்து மார்க்கு மட்டுமல்ல என்பதைச் சொல்லியாகவேண்டும். ரோஜா என்றால் காதல், விளக்கு என்றால் அறிவு, குறிஞ்சி என்றால் அருமை என்று வாய்ப்பாடு ஒப்பிக்கக் கற்ற குழந்தை, நாளைக்கு மனிதர்களையும் அந்த வாய்ப்பாட்டைக் கொண்டுதான் பார்க்கும். மோட்டார் வைத்திருப்பவர் பெரியவர். கிழிந்த செருப்புப் போட்டவர் உதவாதவர் என்று தீர்த்துவிடும். இந்த மலைக்கு வருகிறவர்கள் காப்பிப் பழம் பறிக்கும் ஸ்திரீகளை நிற்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். படத்திலே கூடை வெகு அழகாயிருக்கும். அதன் பாரம் படத்தில் விழாது. அந்தக் கூடையைச் சுமக்கிறவர் ஒரு மகளைப் படிக்கவைக்கிறார் என்பதும் விழாது. பொருளைப் பார்த்தோம், அதைத் தாங்கும் கையைப் பார்க்கத் தவறினோம்.

கதை படிப்பது பொழுதுபோக்குத்தான். அதனால் ஒரு லாபம் உண்டென்றால், அந்தக் கையைப் பார்க்கப் பழகுவதே அந்த லாபம். ஆகையால், வீட்டிலே குழந்தைகளோடு உட்கார்ந்து கதை படிக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் நமது விண்ணப்பம் ஒன்று உண்டு. 'இந்த மோதிரத்துக்கு என்ன அர்த்தம்?' என்று குழந்தையைக் கேட்காதீர்கள். 'மோதிரம் இப்போது யார் கையில் இருக்கிறது? அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? நீயாயிருந்தால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். குழந்தை சொல்லும் பதில் எந்தக் கைடிலும் இராது. அதைச் சிவப்பு மை கொண்டு அடித்துவிடாமல், கொஞ்சம் பொறுமையோடு முழுவதும் கேட்டுவிடுங்கள்.