எழுதாமல் விட்ட வரி

பழைய உரையாசிரியர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மூலத்தில் இல்லாத சொல்லை வருவித்துப் பொருள் சொன்னால், அது அவாய்நிலையால் வந்தது என்று பரிமேலழகர் போன்றோர் குறிப்பிட்டுவிடுவார்கள். மென்பொருளின் அமைவு ஆவணங்களை எழுதுவோருக்கும் இவ்வழக்கம் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கின் பதிவு மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு, வேறொருவரிடமிருந்து எங்கள் மூவருக்கு வந்தது. லாரி உள்ளே நுழையும் நேரத்தை வாயிற்காவலர் கையால் எழுதுவார். வெளியேறும் நேரத்தைக் கணினி அச்சிடும். ஒரு மே மாதத்தில், காலை 6 மணிக்கு வந்து இரவு 9 மணிக்குக் கிளம்பிய ஓட்டுநரின் சீட்டில் வெளியேறிய நேரம் காலை 10.30 என்றிருந்தது. 15 மணி நேரக் காத்திருப்பு நாலரை மணியாகச் சுருங்கி, காத்திருப்புக் கூலி நின்றுபோயிற்று. “கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா?” என்றாராம் கணக்கர்.

அமைவுக் கோப்பில் நேர மண்டலத்துக்கான வரியே இல்லை. மென்பொருள் ஜாங்கோ என்னும் சட்டகத்தில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாள் நிறுவனத்தில் 2003இல் உருவாகி 2005இல் வெளியானது அது. மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் இன்றும் சிகாகோ நேரத்தையே எடுத்துக்கொள்ளும். புதிய திட்டத்துக்கு அது தரும் மாதிரிக் கோப்பிலோ யூடிசி என்றிருக்கும். ஆக, இயல்பிருப்புகள் இரண்டு. பழைய திட்டங்களுக்காகவே சிகாகோ நீடிக்கிறது என்று ஜாங்கோவின் ஆவணம் காரணத்தோடு சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தால் பிழை பிடிபட்டது. சேமிப்பில் நேரம் சரியாகவே இருந்ததால் பழைய சீட்டுகளையும் திருத்த முடிந்தது. ஓட்டுநருக்குக் கூலி கிடைத்தது.

பிறகு கிடங்குக்கான தமிழ்க் குறிப்பேட்டை மாற்றி எழுதினோம். ஒவ்வோர் அமைவுக்கும் நான்கு செய்திகள்: அது எதை ஆள்கிறது, எழுதாவிட்டால் என்ன ஆகும், வேறெந்த அமைவு அதன் பொருளை மாற்றும், சரிதானா என்று எப்படிப் பார்ப்பது. ‘ஏசியா/கொல்கத்தா’ என்றே எழுத வேண்டும், பட்டியலில் சென்னை இல்லை என்பதையும் சேர்த்தோம். எளிய சொற்கள் மட்டும் தெளிவைத் தந்துவிடா. எழுதாத வரிக்கும் பொருளுண்டு என்பதை ஆவணம் சொல்லியாக வேண்டும்.

சிகாகோவைக் குறை சொல்வதற்கில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிற்று. பின்னர் நாட்டின் ரயில்கள் பலவும் மதராஸ் நேரப்படி ஓடிய காலமும் இருந்தது. இந்தியத் திட்ட நேரம் 1906இல்தான் வந்தது. அந்நாளில் அட்டவணையைப் பார்த்த பம்பாய்ப் பயணிக்கும், இது எந்த ஊர் மணி என்று ஒருவர் சொல்லவேண்டித்தான் இருந்திருக்கும்.