செம்பட்டிக் குழாயும் ஜமைக்கா தட்டும்!

திண்டுக்கல்லிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். வத்தலக்குண்டு போகிறவர், ஒட்டன்சத்திரம் போகிறவர், நிலக்கோட்டை போகிறவர்... எல்லோரும் ஒரு தடவையாவது தூக்கம் கலைந்து, "செம்பட்டி வந்துருச்சா?" என்று கேட்டிருப்பார்கள். ஊரைப் பார்த்தவர்களைவிட பஸ் மாறியவர்கள்தான் அதிகம்!

தை மாதம் வந்து பாருங்கள். பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டோரமாக நடக்கும். அன்னதானப் பந்தலில் முருகன் பாட்டு. இப்போது எல்லாம் பென் டிரைவ். ஒரு காலத்தில் மரத்தில் குழாய், கீழே ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் சுழலும் இசைத்தட்டு. காதுகுத்தோ கல்யாணமோ, அன்றைக்கு மைக்செட்காரர்தான் ஊருக்கு ராஜா. "அண்ணே, சிவாஜி பாட்டு ஒண்ணு..." என்று கெஞ்சினால், "போடுறேன்டா, தள்ளி நில்லு!" என்பார். தட்டைத் தொட விடமாட்டார்.

இதே கூத்து ஜமைக்காவிலும் நடந்திருக்கிறது சார்! 1950-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளுக்கு ஓட்டல் பேண்டுக்கு ஆட வசதி ஏது? தெருவில் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, அமெரிக்கத் தட்டுகளைப் போட்டார்கள். பெயர் 'சவுண்ட் சிஸ்டம்'. நம்ம ஊரில் 'சவுண்ட் சர்வீஸ்'. ஒரு வார்த்தைதான் வித்தியாசம்!

அங்கே இரண்டு பெரிய தலைகள். ஒருவர் டியூக் ரீட், மாஜி போலீஸ்காரர், மதுக்கடை முதலாளி. இன்னொருவர் காக்ஸன் டாட். போட்டிக்காரனுக்குப் பாட்டின் பெயர் தெரியக்கூடாது என்று லேபிளையே சுரண்டிவிடுகிற அளவுக்குத் தொழில் ரகசியம்! பிறகு சொந்தமாகவே பாட்டுப் பதிவு செய்ய இறங்கினார்கள். துள்ளலான 'ஸ்கா' வந்தது. 1966 வாக்கில் வேகம் தணிந்து 'ராக்ஸ்டெடி'. 1968-ல் 'ரெகே'.

வித்தியாசம் புரியவில்லையா? செம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். ஓடிப் போய் பஸ்ஸில் தொற்றுகிறவர் ஸ்கா. எப்படியும் பத்து நிமிஷம் நிற்கும் என்று டீ சொல்கிறவர் ராக்ஸ்டெடி. 'போனால் போகட்டும், அடுத்தது வரும்' என்பவர் ரெகே!

பிழைக்க லண்டன் போன ஜமைக்கர்கள் அங்கேயும் தட்டுக்கு ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தைத் தொழிலாக்கிய 'ட்ரோஜன்' கம்பெனியின் முக்கியப் புள்ளி லீ கோப்தல், ஜமைக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி! (1845-லிருந்தே நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கப்பலேறினார்கள்.) 1969-ல் டெஸ்மண்ட் டெக்கர் பிரிட்டனில் நம்பர் ஒன். 2018-ல் யுனெஸ்கோவே ரெகேயை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பி.காம். படித்த புத்தி, இங்கேதான் கணக்கு உதைக்கிறது. அரிதான ஜமைக்கா தட்டுக்கு இன்று நூற்றுக்கணக்கான பவுண்டு கொடுக்க ஆள் இருக்கிறது. 'திருவிளையாடல்' வசனத் தட்டைக் கேட்டே, படம் பார்க்காதவர்களும் தருமி வசனம் ஒப்பித்தார்கள். கேசட் வந்ததும் அந்தத் தட்டுகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து பழைய பேப்பர் கடைக்கு!

குழாயை மறுபடி கட்டச் சொல்லவில்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்தாயிற்று. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும், பச்சைக் குழந்தைக்காரிகளும் அதற்குக் கும்பிடு போட்டிருப்பார்கள். சத்தம் போகட்டும், தட்டு இருக்கட்டும்.

சித்தப்பாவோ மாமாவோ மைக்செட் வைத்திருந்தவரா? இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். தூசி தட்டி, உறையில் போட்டு, நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் தட்டு வளைந்துவிடும். ஆபீஸில் நம் முதுகுக்கு நேர் எதிர்!